இரு நகரங்களின் உணவும் பிரயாணிகளின் தீர்ப்பும்

ஐரோப்பாவுக்குச் சென்று மீளும் எழுத்தாளர் பலர் தம் பிரயாணக் கட்டுரைகளில் வழங்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. பாரிஸில் மனிதர் உண்கின்றனர். இலண்டனில் மனிதர் வயிற்றை நிரப்புகின்றனர் என்பதே அத்தீர்ப்பு. மொறுமொறுப்பான நீண்ட பாண், பால்கட்டி, நிதானமான மதிய உணவு ஆகியன ஒருபுறம். பஞ்சு போன்ற வெட்டுப் பாண், எண்ணெய் சொட்டும் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும், அளவுக்கு மேல் அவிந்த மரக்கறி ஆகியன மறுபுறம். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, பிரெஞ்சுக்காரன் சுவையறிந்தவன், ஆங்கிலேயன் சுவையறியாதவன் என்ற முடிவுக்கு வருவது வழமையாகிவிட்டது.

இம்முடிவு ஒரு நகரத்தின் பாணைப் பற்றியதாக மட்டும் இருந்தால் அதனை மறுப்பதற்கு இத்தனை முயற்சி வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பைப் பற்றிய தீர்ப்பாக எழுதப்படுகின்றது. சுவை இரத்தத்தில் ஊறியது என்ற கருத்து அதன் அடியில் கிடக்கின்றது. வரலாற்றின் விளைவை இனத்தின் குணமாகக் காட்டும் எந்த எழுத்தும், அது உணவைப் பற்றியதாயினும், வன்மையாகக் கண்டிக்கத்தக்கதே. இன்று உணவைப் பற்றி இவ்வாறு எழுதப் பழகும் பேனா நாளை உழைப்பைப் பற்றியும், ஒழுக்கத்தைப் பற்றியும், அறிவைப் பற்றியும் இவ்வாறே எழுதத் தயங்காது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பிரயாணி தன் கட்டுரைக்கு நியாயமாகக் கொள்வதும் இப்பழமொழியையே. ஆனால் ஒரே அடுப்பில், ஒரே அரிசியில், ஒரே நேரத்தில் வெந்த பானைக்கே அப்பதம் பொருந்தும். ஒரு மாநகரம் ஆயிரம் அடுப்புகளில் வேகும் பானை. புகையிரத நிலையத்துக்கும் நூதனசாலைக்கும் இடைப்பட்ட தெருவில் உண்ட மூன்று வேளை உணவு அப்பிரயாணியின் பணப்பையைப் பற்றியும் நேர அட்டவணையைப் பற்றியும் சொல்வதற்கு மேல் நகரத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

முதலிற் கவனிக்க வேண்டியது, இரு நகரங்களிலும் பிரயாணியின் கண்ணுக்குப் படும் உணவு ஒரே தன்மையது அன்று என்பதாகும். பாரிஸின் தொழிலாளர் பலர் 19ஆம் நூற்றாண்டில் சமையலறையற்ற வாடகை அறைகளில் வாழ்ந்தனர். அவர்களுக்கு உணவுச்சாலை ஆடம்பரமன்று, அத்தியாவசியம். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் துவால் என்ற இறைச்சி வணிகர் மலிவு விலையிற் சூப்பும் இறைச்சியும் விற்கும் சாலைகளை நிறுவியதும், 1896 இல் ஆரம்பிக்கப்பட்ட சார்த்தியே உணவுச்சாலை இன்றுவரை நிலைத்திருப்பதும் இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளத்தக்கவை. பாரிஸின் அன்றாட உணவு தெருவை நோக்கித் திறந்திருந்தது. இலண்டனின் நல்லுணவோ வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆங்கிலச் சமையலுக்காக வாதாடி ஜோர்ஜ் ஓர்வெல் 1945 இல் எழுதிய கட்டுரையொன்றில், நல்ல ஆங்கில உணவு தனியார் வீடுகளுக்கு வெளியே கிடைப்பது அரிது என்று ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேசையை ஒருபோதும் காணாத பிரயாணி, ஒரு நகரத்தின் முன்வாசலையும் மற்ற நகரத்தின் கொல்லைப்புறத்தையும் ஒப்பிட்டுவிட்டு இரு வீடுகளையும் அறிந்ததாக எண்ணிக்கொள்கின்றான்.

இனி, பாரிஸின் பாணை எடுத்துக்கொள்வோம். அதன் சிறப்பு நாவின் நுண்மையால் மட்டும் வந்ததன்று. 1789 ஒக்டோபரில் பாண் கேட்டு வேர்சாய் அரண்மனையை நோக்கி நடந்தவர்கள் பாரிஸின் பெண்கள். பாண் விலை உயர்ந்தால் அரியணை ஆடும் என்ற பாடத்தை அதன் பின்னர் வந்த ஆட்சியாளர் எவரும் மறக்கவில்லை. பாண் விலை மீதான அரசின் பிடி 1980களின் பிற்பகுதியிலேயே முற்றாகத் தளர்ந்தது. ஆக, அந்தப் பாணின் வரலாற்றிற் சுவைக்கு இருக்கும் இடத்தைவிட அச்சத்துக்கு இருக்கும் இடம் பெரிது.

மேலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாரிஸின் பாணும் தரம் குன்றியது. இயந்திரங்களும், அவசரமான புளிப்பேற்றலும், உறைநிலைப் படுத்தப்பட்ட மாவுருண்டைகளும் அங்கும் புகுந்தன. இதனாலேயே 1993 இல் அரசாணையொன்று பிறப்பிக்கப்பட்டது. மரபுவழிப் பிரெஞ்சுப் பாண் என்ற பெயரில் விற்கப்படுவது உறைநிலைப் படுத்தப்படலாகாது. அதில் இரசாயனச் சேர்க்கைகள் இருத்தலாகாது என அது விதித்தது. 1998 இல் நிறைவேறிய சட்டம், மாவைத் தாமே பிசைந்து அவ்விடத்திலேயே சுடுவோர் மட்டுமே தம் கடைக்கு வெதுப்பகம் என்ற பெயரைச் சூட்டலாம் என்று வரையறுத்தது. 2022 இல் இப்பாண் செய்யும் கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சுவை ஓர் இனத்தின் பிறவிக் குணமாயின் அதற்கு அரசாணை எதற்கு? காவல் போட்டுக் காக்கப்படுவது இழந்துபோகக்கூடிய ஒன்றே. மதிய உணவின் நிதானமும் இத்தகையதே. வேலை செய்யும் இடத்திலேயே உணவருந்த அனுமதிப்பதைப் பிரெஞ்சுத் தொழிற்சட்டக் கோவை தடுக்கின்றது. 2021 இல் கொள்ளைநோய்க் காலத்தில் அத்தடையைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி நேர்ந்தபோதுதான் அப்படியொரு விதி இருப்பதையே உலகம் அறிந்தது. பிரயாணி கலையுணர்வு என வியந்தது பாதியளவில் தொழிலாளியின் உரிமையே.

இலண்டனின் மேசையில் நிகழ்ந்தது வேறு. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது ஆங்கிலக் கிராமத்தான் தன் மாட்டையும் தோட்டத்தையும் விறகையும் இழந்தான். 1851 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாக இருந்தனர். பிரான்சு அந்நிலையை எய்தியது 1931 அளவிலேயே. எண்பது ஆண்டு இடைவெளி இது. மூன்று தலைமுறைக் காலம். பாட்டியின் சமையலைப் பேத்தி கற்பதற்கு வயலும் அடுப்பும் ஓய்வும் வேண்டும். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து ஓடிய பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை. 1846 இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டபின் கடல் கடந்து வந்த மலிவுத் தானியம் நகரத் தொழிலாளியின் உணவாயிற்று. பாணும் சீனியிட்ட தேநீரும் அவனது சாப்பாடாயின.

பின்னர் போர் வந்தது. 1940 சனவரியில் ஆரம்பித்த உணவுப் பங்கீடு 1954 சூலை வரை நீடித்தது. போர்க் காலத்திற்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத பாண், போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. பாலெல்லாம் ஒரே வகைப் பால்கட்டிக்குத் திருப்பப்பட்டமையாற் பண்ணைப் பால்கட்டிகள் பல அருகின. பதினான்கு ஆண்டு என்பது ஒரு குழந்தை வளர்ந்து வேலைக்குச் செல்லும் காலம். அவ்வாறு வளர்ந்த தலைமுறையின் கைக்கு 1961 இல் சோர்லிவூட் முறை வந்து சேர்ந்தது. மாவை இயந்திர வேகத்தில் அடித்து, மணித்தியாலக் கணக்கான புளிப்பேற்றலைத் தவிர்த்து, மலிவான பாணை விரைவிற் செய்வது அம்முறை. பிரித்தானியப் பாணின் பெரும்பகுதி இன்றும் அம்முறையிலேயே செய்யப்படுகின்றது. இதில் ஆங்கிலேயனின் நாவுக்கு என்ன குற்றம்?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். பாரிஸும் போரிற் பட்டினி கிடந்ததே. நாஸிகளின் ஆக்கிரமிப்பில் இருந்ததே. அங்கும் 1949 வரை பங்கீடு இருந்ததே. அவ்வாறாயின் பாரிஸின் சமையல் ஏன் அழியவில்லை? இது நியாயமான வினா. விடை மேலே கூறிய எண்பது ஆண்டு இடைவெளியில் இருக்கின்றது. பாரிஸ்வாசிகள் பலருக்கு நாட்டுப்புறத்தில் உறவினர் இருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் கிராமத்து உறவினர் பொதிகளில் அனுப்பிய உணவு பல குடும்பங்களைக் காத்தது. இலண்டன் தொழிலாளிக்குப் பொதி அனுப்பக் கிராமத்தில் எவரும் இல்லை. அவனுடைய வயல்கள் கடலுக்கு அப்பால் இருந்தன. அதேவேளை, இலண்டனின் பங்கீடு ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே அளவைத் தந்தது என்பதையும், அதனால் ஏழைப் பிள்ளைகளுட் பலர் முன்னரைவிடச் சீராக உண்டனர் என்பதையும் சுவை பற்றி மட்டும் பேசுவோர் மறைத்துவிடுகின்றனர். மங்கிய சுவையும் நிறைந்த வயிறும் சேர்ந்து வந்த அக்காலத்தை எப்படி மதிப்பது என்ற வினா, பசியை அறியாதவனின் நாவினால் விடைகாணத்தக்கதன்று.

இனி, ஆங்கில உணவு, பிரெஞ்சு உணவு என்ற பெயர்களைப் பார்ப்போம். இலண்டனின் அடையாளமெனக் கூறப்படும் பொரித்த மீன், ஐபீரிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் சமையலுடன் வந்தது. அதன் அருகே வைக்கப்படும் உருளைக்கிழங்கோ அமெரிக்கக் கண்டத்தின் பயிர். இலண்டனின் கறிக் கடைகளைக் கட்டியெழுப்பியோருட் பெரும்பாலோர் சில்ஹெட்டிலிருந்து சென்ற வங்காளியர். பாரிஸில் மலிவாக வயிறார உண்ண விரும்புவோர் நாடும் குஸ்குஸ் வட ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 2023 இல் பாரிஸ் மாநகரின் சிறந்த மரபுவழிப் பாணுக்கான பரிசைப் பெற்று, சனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் உரிமையை ஈட்டியவர் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் ஒருவர். பிரெஞ்சு இரத்தத்தில் ஊறியது எனப்பட்ட சுவை, இலங்கையிற் பிறந்தவரின் கைகளிற் குடியேறியது எவ்வாறு? கற்றதனாலும் உழைத்ததனாலும் குடியேறியது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

பரிசு பெறாத கைகளையும் எண்ணுதல் வேண்டும். 1983 இன் வன்செயலுக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸைச் சென்றடைந்த இளைஞர் பலர் உணவுச்சாலைகளிற் கோப்பை கழுவினர். 1933 இல் வெளிவந்த ஓர்வெலின் நூல் இதே இரு நகரங்களையும் ஒப்பிடுகின்றது; ஆனால் மேசையிலிருந்து ஒப்பிடவில்லை. பாரிஸ் விடுதியின் நிலவறையிற் பாத்திரம் கழுவுபவனாகவும், இலண்டனில் பாணும் மாஜரினும் பெறும் வீடற்றவனாகவும் நின்று ஒப்பிடுகின்றது. அவ்விடங்களிலிருந்து நோக்கும்போது பாரிஸின் நேர்த்தி, கதவுக்கு ஒருபுறம் மட்டுமே உள்ள நேர்த்தியாகின்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் அதே நிலவறைகளுட் சிலவற்றில் தமிழ் பேசப்பட்டது. அதனை அறிந்த ஒரு சமூகத்தின் எழுத்தாளன் சோற்றின் பதத்தை மட்டும் எழுதி, அடுப்பூதியவனை எழுதாது விடுவது மன்னிக்கத்தக்கதன்று.

இறுதியாக, இரு நகரங்களின் கோப்பைகள். இலண்டனின் தேநீரைச் சிலாகிக்கும் பிரயாணியும் உண்டு, பழிப்பவனும் உண்டு. 1867 இல் லூல்கந்துரவில் வணிகப் பயிராகத் தொடங்கிய இலங்கைத் தேயிலை இலண்டனின் மின்சிங் லேனில் ஏலம் போயிற்று. அதனைப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். அவர்தம் சந்ததியினருட் பெரும்பாலோரின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிபோயிற்று. அக்கோப்பையில் இட்ட சீனியை முதலில் விளைவித்தவர்கள் கரிபியன் தீவுகளின் அடிமைகள். பாரிஸின் கோப்பிக் கடைகள் இதற்குக் குறைந்தவையல்ல. 1791 இல் அடிமைகள் கிளர்ந்தெழும்வரை உலகக் கோப்பியில் ஏறத்தாழ அரைப்பங்கைத் தந்தது பிரான்சின் சென் டொமாங் குடியேற்றநாடு. 1804 இல் ஹெயிட்டி என்ற பெயரில் அது சுதந்திரம் பெற்றபின், இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்கை 1825 இல் அதன்மீதே பிரான்சு சுமத்தியது. இக்கணக்கின் முன்னே தேநீர் உயர்ந்ததா, கோப்பி உயர்ந்ததா என்ற விவாதம் எவ்வளவு அற்பமானது!

அவ்வாறாயிற் சுவையைப் பற்றியே பேசக்கூடாதா? பேசலாம். நல்ல பாண் நல்ல பாணே. பஞ்சுப் பாணைப் புகழ வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. பாரிஸின் தெருமுனை வெதுப்பகத்துப் பாண் இலண்டனின் ஆலைப் பாணைவிடச் சுவையானது என்பதை இக்கட்டுரை மறுக்கவுமில்லை. ஆனால் அச்சுவையின் காரணம் கேட்கப்படும்போதே அது அறிவுக்குரிய பொருளாகின்றது. சட்டத்தினாற் காக்கப்பட்டது எனில், இன்னொரு நாடும் அவ்வாறு காக்கலாம். நிலம் பறிக்கப்பட்டதனால் அழிந்தது எனில், நிலம் பறிக்கப்படும் இடமெல்லாம் அதற்கு எச்சரிக்கை பெறலாம். இனக்குணம் எனில் எவரும் எதையும் கற்க இயலாது. வியந்துவிட்டுத் திரும்புவதே மிஞ்சும்.

ஆதலின் பிரயாணக் கட்டுரை எழுதப் புகுவோர், உணவு எப்படி இருந்தது என எழுதுமுன், அதைச் சமைத்தவர் யார், அவருடைய கூலி என்ன, அவர் தம் வீட்டில் எதை உண்கின்றார் என்ற வினாக்களுக்கு விடை தேடுவாராக. விடை கிடைக்காதவிடத்து, தாம் உண்டதை மட்டும் எழுதி, ஒரு மக்களின் குணத்தை எழுதாது விடுவாராக. இதழாசிரியர்களும் இவ்வளவுகோலைக் கொள்ளும்வரை, இலண்டனும் பாரிஸும் தமிழ் வாசகனுக்கு இரண்டு உணவுப் பட்டியல்களாகவே தோன்றிக்கொண்டிருக்கும். இரண்டு மக்களாகத் தோன்றமாட்டா.