ஞாயிறு வகுப்புக்கு எது தேவை?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சுவரை அடைக்கும் அளவில் தொடுதிரைப் பலகை ஒன்று வாங்குவது பற்றி வரும் பொதுக்குழுவில் பேசவிருக்கிறார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. நன்கொடை தர இரண்டு அன்பர்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் இந்தப் பலகை வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் நம் இதழில் எழுதுகிறேன்.

கிழவன் கணினிக்கு எதிரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். டிப்ளமா முடித்து 1982-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். 2020-இல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் நாக்பூர்ப் பக்கத்து மின்சார எஞ்சின் ஷெட்டுகளிலேயே காலம் போயிற்று. கையால் எழுதிய பழுதுப் பதிவேடு போய்க் கணினி வந்தபோது அதைக் கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இப்போது நான்கு ஆண்டாக ஞாயிறு வகுப்பில் எடுபிடி. கரும்பலகை துடைப்பேன், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்பேன், நடுவில் பிஸ்கட் கொடுப்பேன்.

பழுது எங்கே என்று பார்க்காமல் உதிரி பாகத்தை மாற்றாதே என்பது ஷெட்டில் பாலபாடம். நம் பிள்ளைகளிடம் குறை எங்கே இருக்கிறது? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படத்தில் வரும் வசனத்தை நம்மைவிட வேகமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் ஊரிலிருக்கும் தாத்தாவுக்குக் கைபேசியில் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்து அனுப்புகிறார்கள். அவரோ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, ‘என்னடா எழுதியிருக்கே, போன் பண்ணு’ என்கிறார். பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. குறை அவ்வளவுதான், ஆனால் பெரிய குறை. இந்தத் தலைமுறையில் எழுத்து போனால், இவர்களுடைய பிள்ளைகளிடம் பேச்சும் நிற்காது. நம் காலனியிலேயே அப்படி ஆகிவிட்ட குடும்பங்கள் உண்டு. பெயர் மட்டும் தமிழ்ப் பெயராக இருக்கும்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மூன்றாவது எழுத்து. ஆங்கிலமும் தேவநாகரியும் பள்ளியில் வந்துவிடுகின்றன. எட்டு, ஒன்பது வயதில் நம்மிடம் வருகிறார்கள். இந்தியிலும் மராத்தியிலும் நான்கு ககரம் படித்த பிள்ளை, ‘அங்கிள், இது கமல் என்பதில் வரும் கவா, கணேஷ் என்பதில் வரும் கவா?’ என்று கேட்கிறது. தமிழ் எழுத்தில் அந்தக் கேள்வியை எழுதிக் காட்டக்கூட முடியவில்லை பாருங்கள்! அடுத்தது ஒற்றைக் கொம்பு. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது க. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. இந்தியில் குற்றிகரத்துக்கும் குறி இடப்பக்கம்தான் வருகிறது என்று நினைவூட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். பலகைக்கு இந்தியும் தெரியாது, அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதும் தெரியாது.

சரி, கணினி எதற்கு உதவும்? என் அனுபவத்தில் மிகப் பெரிய உதவி, யாரும் பாடக் கருவி என்று எண்ணாத ஒன்றிலிருந்து கிடைத்தது. அது தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய முறை இது. விண்டோஸ் 10 முதல் கணினியிலேயே இருக்கிறது. கைபேசிக்கு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இலவசமாகவே கிடைக்கிறது. இடக்கைப் பக்கம் 12 உயிர், வலக்கைப் பக்கம் 18 மெய். க விசையையும் எ விசையையும் அடுத்தடுத்து அடித்தால் திரையில் ‘கெ’ வந்து நிற்கும். கொம்பு தானாக இடப்பக்கம் போய் உட்காரும். உயிர்மெய் என்பது உயிரும் மெய்யும் சேர்ந்தது என்று நான் நான்கு வாரம் தொண்டை வரளச் சொன்னது, பிள்ளையின் விரலுக்கு நான்கு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அதோடு போகவில்லை. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடுகிறது. ‘பந்து’ என்று அடிக்க ப, ந, த, உ போதும். ந-வை அடுத்துத் த வந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று விசைப்பலகைக்கே தெரியும். ங-வுக்குக் க, ஞ-வுக்குச் ச, ண-வுக்கு ட என்று இன எழுத்து இலக்கணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. அண்மையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ‘சங்கம்’ என்று அடித்துவிட்டு, ‘இந்த ங-வுக்குப் பக்கத்தில் எப்போதும் க-தான் வருமா?’ என்று கேட்டாள். நான் அந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பில் பிரம்படியோடு படித்தேன்.

ஆனால் ஒன்று. அடிக்கக் கற்ற பின் அதே சொல்லை நோட்டில் பென்சிலால் எழுத வைக்கிறோம். திரையில் தானாக வந்த புள்ளி, நோட்டில் தானாக வராது.

படிப்பதற்கு என்ன கொடுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாகக் குறியீடும் அச்சிட்டார்கள். கைபேசியைக் காட்டினால் மத்திய அரசு 2017-இல் தொடங்கிய தீக்ஷா தளத்தின் பாடக் காட்சி வரும். நல்ல ஏற்பாடு. ஆயினும் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், தெருவெல்லாம் தமிழ் கேட்கும் ஐந்து வயதுக் குழந்தைக்காக எழுதப்பட்டது. நம்மிடம் இருப்பது பத்து வயதுப் பிள்ளை. எழுத்து ஒன்றாம் வகுப்பு, அறிவு ஐந்தாம் வகுப்பு. ‘அணில் ஆடு’ என்றால் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல், தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ளவர்களை மனத்தில் வைத்தே பாடங்களைத் தருகிறது. ஒலியோடு கூடிய மழலைப் பாடங்கள் ல, ள, ழ வேறுபாட்டுக்கு நன்கு உதவுகின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் நம் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி வழங்கும் பெருந்தொண்டு, அது பெரியவர்களுக்கு.

பத்து வயதுக்காரனின் வெட்கத்துக்கு மருந்து வேறிடத்தில் கிடைத்தது. பிரதம் புக்ஸ் என்ற அறக்கட்டளை 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எளிதிலிருந்து கடினம் வரை நிலை பிரித்திருக்கிறார்கள். இலவசமாக இறக்கலாம், அச்சிடலாம், மாற்றி எழுதவும் உரிமை உண்டு. நமக்கு முக்கியமானது என்னவென்றால், பல கதைகள் மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் ஒரே படங்களுடன் கிடைக்கின்றன. பையன் முதலில் தனக்குச் சரளமான மராத்தியில் படித்துக் கதையைத் தெரிந்துகொள்கிறான். பிறகு அதே பக்கத்தைத் தமிழில் வைத்தால், அடுத்து என்ன சொல் வரவேண்டும் என்று அவனே ஊகித்து எழுத்தைத் துரத்துகிறான். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு மராத்தியும் இந்தியும் தடை என்றே நாம் நினைத்துவிட்டோம். அதுவே அவனுக்கு ஏணியாகலாம்.

இனி இந்த ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எங்கள் ஸ்டோர்ஸில் பல்லைப் பார்க்காமல் எந்த மாட்டையும் உள்ளே விடமாட்டோம். புதுச் சாதனம் வந்தால் முதல் கேள்வி, இதன் உதிரி பாகம் பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதுதான். கம்பெனி மூடிவிட்டால் டிராயிங் நம் கையில் இருக்கிறதா? இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் எஞ்சின் ஓரமாக நிற்கும்.

இணையத்தில் வரும் இலவசக் கருவிகளுக்கும் இதே சோதனை வேண்டும். எட்மோடோ என்று ஒன்று உலகம் முழுவதும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்தப் பயன்படுத்தினார்கள், 2022-இல் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ஃப்ளிப் என்ற கருவி 2024-இல் தனிச் சேவையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. கூகுளின் ஜாம்போர்டு கதை நமக்கு இன்னும் நெருக்கம். அது சுவரில் மாட்டும் தொடுதிரைப் பலகையேதான். 2017-இல் விற்பனைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 5000 டாலர். 2024 இறுதியோடு அந்தச் செயலியையே நிறுத்திவிட்டார்கள். பல பள்ளிகள் விலை கொடுத்து வாங்கிய பலகை, ஏழே ஆண்டில். காசு கொடுத்தால் மட்டும் உத்தரவாதம் என்றும் இல்லை; நாடு முழுவதும் விளம்பரப்படுத்திய பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனதைச் செய்தித்தாளில் எல்லோரும் படித்தோம்.

ஆகவே என் அளவுகோல் எளிது. நம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியதை முதலில் எடுப்போம். பாடநூல், ஸ்டோரிவீவர் கதை இரண்டும் அப்படிப்பட்டவை. கணிதமும் அறிவியலும் சொல்லித்தரும் அன்பர்களுக்கு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் நோபல் அறிஞர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள் இருக்கின்றன. தமிழ் உட்படப் பல மொழிகளில் வருகின்றன, இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். (மின்சுற்றுப் பாடத்துக்கு நான் மேசைமேல் நிஜ பேட்டரியும் பல்பும் வைத்துவிட்டுத்தான் திரையைத் திறப்பேன். அது என் தொழில் புத்தி.) பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் கேட்டுக் கணக்குத் திறக்கச் சொல்லும் எதுவும் நம் வகுப்புக்கு வேண்டாம். 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

பெரிய திரை இருந்தால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நம் நிர்வாகிகளில் ஒருவர் சொன்னார். 1999-இல் சுகதா மித்ரா டெல்லி கால்காஜியில் சுவரில் துளை போட்டுக் கணினி வைத்ததை அவர் மேற்கோள் காட்டினார். உண்மைதான், குடிசைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அதை இயக்கக் கற்றார்கள். ஆனால் அதே மித்ரா பிறகு தமிழ் பேசும் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வையும் படிக்க வேண்டும், 2010-இல் வெளியாயிற்று. தாமாகக் கற்ற பிள்ளைகள் ஓர் அளவோடு நின்றார்கள். பாடமே தெரியாத உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, ‘அட, எப்படிச் செய்தாய், இன்னொரு முறை காட்டு’ என்று பாட்டி மாதிரி வியக்கச் சொன்னார்கள். மதிப்பெண் மேலும் ஏறியது. மித்ராவின் முடிவுகளை ஏற்காத கல்வியாளர்களும் உண்டு. ஆனால் பாட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாட்டிகளுக்கு நம் சங்கத்தில் பஞ்சமா? பஜனைக்கு வருகிறவர்களில் ஐந்து பேர் அரை மணி முன்னால் வந்து, ஆளுக்கு இரண்டு பிள்ளை என்று பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கேட்டால் போதும்.

பள்ளியில் பெரிய திரையைப் பார்த்த பிள்ளை நம் கரும்பலகையை மதிக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் திரையை அவர்கள் வாரம் ஆறு நாளும் பார்க்கிறார்கள். ஐம்பது பேர் வகுப்பில், தான் படிப்பதைப் பத்து நிமிடம் ஒருவர் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வகுப்பு ஆசிரியை ஊரின் மறுகோடியிலிருந்து, ஊதியம் இல்லாமல், தம் கைக்காசில் ஆட்டோ பிடித்து ஞாயிறுதோறும் வருகிறார். மழைக்காலத்திலும் வந்தார். அவருக்குப் போக்குவரத்துச் செலவு தரும் பேச்சு எந்தக் கூட்டத்திலும் எழுந்ததாக நடவடிக்கைக் குறிப்பில் இல்லை, தேடிப் பார்த்தேன். அவர் நின்றுவிட்டால் அந்தப் பலகையை யார் தொடுவது? நன்கொடை தரும் அன்பர்கள் அனுமதித்தால், அந்தத் தொகையில் அவருக்கும், உடன் வர விரும்பும் இன்னொரு இளைய ஆசிரியைக்கும் மதிப்பூதியமும் வண்டிச் செலவும் மூன்று ஆண்டுக்குத் தரலாம். மீதியில் பழைய மடிக்கணினி இரண்டு, கதைகளை அச்சிட ஒரு சாதாரண பிரிண்டர். இதையே தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். வழிமொழிய விரும்புவோர் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

பாடநூல்கள், நிலைவாரியாக நூறு கதைகள், தமிழ்99 விசைகளின் படம் ஆகியவற்றை இறக்கி வைத்திருக்கிறேன். பென் டிரைவ் கொண்டு வருபவர்களுக்கு வகுப்பு முடிந்ததும் ஏற்றித் தருகிறேன். மண்டபத்தில் கிரிக்கெட் பார்க்க வாங்கிய தொலைக்காட்சியின் பின்புறத்தையும் பார்த்துவிட்டேன். கணினியை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளைகள் இரண்டு இருக்கின்றன. ஐந்து மீட்டர் கேபிள் ஒன்று வாங்க வேண்டும்.