ஓவிய வகுப்பில் அரூபத்துக்கும் இடம் வேண்டும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'படம் வரையுங்கள்' என்று சொன்னால் போதும், அடுத்த நொடி தலைகள் நோட்டின் மேல் கவிழ்ந்துவிடும். எட்டாம் வகுப்பில் அதையே சொன்னால் பாதிப் பேர் 'எனக்கு வரைய வராது சார்' என்கிறார்கள். வராமல் போனது எப்போது, யாரால் என்பதை நம் கல்வித் துறை கவலையோடு கேட்டதாகத் தெரியவில்லை.

குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் வெளியான தன் நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஏறக்குறைய ஒன்பது வயதில், தான் வரைந்ததைக் கண்ணால் காண்பதோடு பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது. பசு பசுவைப் போல இல்லையே என்ற மனக்குறை அங்கே முளைக்கிறது. அந்த வயதில்தான் நம் பள்ளியும் ஒரே ஓர் அளவுகோலை நீட்டுகிறது: அச்சு அசலாக இருக்கிறதா? தலைவர்கள் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் இரண்டு மூன்று பேர் 'ஆர்ட்டிஸ்ட்' ஆகிறார்கள். போட்டிகளுக்கு அவர்களே போகிறார்கள். மற்றவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை. அதுவும் வேறு யாரோ வரைந்ததைப் பார்த்து வரைந்தது.

எந்த உருவத்தையும் அப்படியே காட்டாத அரூப ஓவியம் கற்றுத்தர வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில். எதைப் போல இருக்கிறது என்ற கேள்வியை அது அகற்றிவிடுகிறது. இந்த மஞ்சள் ஏன் இவ்வளவு? இந்தக் கோடு ஏன் பாதியில் நின்றது? இப்படிப்பட்ட கேள்விகளே மிஞ்சும். நாகசுரத்தில் ஒரு மணி நேரம் தோடி ஆலாபனை கேட்டுவிட்டு 'இதன் அர்த்தம் என்ன' என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. காதுக்குத் தந்திருக்கும் அந்த உரிமையைக் கண்ணுக்கும் தரலாம். ஓவியர் கண்டின்ஸ்கி 1911-லேயே இசையை முன்வைத்து இதை வாதிட்டார்.

ஆனால், 'மனசுக்குத் தோன்றியதைக் கிறுக்கு' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்துகொள்வது அரூப ஓவிய வகுப்பு ஆகாது. இதற்குத் தெளிவான பாடம் உண்டு. ஒரு வெள்ளைத் தாளும், பழைய அட்டையில் வெட்டிய ஐந்து கறுப்புச் சதுரங்களும் போதும். ஒரு சதுரத்தைத் தாளின் மேல் விளிம்பில் வைத்தால் 'விழப்போகுது' என்பார்கள். கீழ் மூலைக்கு நகர்த்தினால் அது உட்கார்ந்துவிடும். நான்கை நெருக்கி வைத்து ஒன்றை மட்டும் தள்ளி வைத்தால், 'அது கோவிச்சுக்கிட்டுப் போகுது' என்று ஒரு குரல் வரும். 'சண்டை', 'கூட்டம்', 'தனிமை' என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அதே ஐந்து சதுரங்களால் அடுக்கச் சொல்லலாம். வரைய வராது என்ற பிள்ளையும் முழு மனதோடு முடிவெடுக்கும் வேலை இது.

அடுத்தது நிறம். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றொன்றை வெள்ளையின் மேலும் ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு சாம்பலாகத் தெரியும். தம் கையால் வெட்டியதைத் தம் கண்ணே மாற்றிக் காட்டும்போது பிள்ளைகள் அடையும் வியப்பு பெரிது. ஓவிய ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் பல ஆண்டுகள் வகுப்பில் செய்து பார்த்து, 1963-ல் நூலாக்கிய பயிற்சிகளைச் சேர்ந்தது இது. அவர் தம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் சாயத்தைவிட வண்ணத்தாளையே கொடுத்தார். அந்த நூலுக்கு முன்பே, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஓவியர் பால் க்லேயும் கண்டின்ஸ்கியும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். க்லேயின் 1925-ம் ஆண்டுக் கையேடும், புள்ளி, கோடு, தளம் பற்றிய கண்டின்ஸ்கியின் 1926-ம் ஆண்டு நூலும் அந்த வகுப்பறைப் பாடங்களிலிருந்து வந்தவை. அரூப ஓவியத்தின் இலக்கணத்தில் பெரும்பகுதி கரும்பலகைக்கு முன்னால் நின்று எழுதப்பட்டது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓர் ஆபத்தும் இருக்கிறது. அரூப ஓவியர் மோந்திரியானின் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களைக் காட்டிவிட்டு வரையச் சொன்னால், நாற்பது பிள்ளைகளும் அதே கட்டங்களைத்தான் போடுவார்கள். மலையும் சூரியனும் போன இடத்தில் கட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாறாக, அவர் வரைந்த மரங்களை வரிசையாகக் காட்ட வேண்டும்: 1908-ல் தொடங்கிய சிவப்பு மரம், 1911-ன் சாம்பல் மரம், 1912-ன் பூத்த ஆப்பிள் மரம். கிளைகள் மெல்ல மெல்லக் கோடுகளாகக் கரைவது தெரியும். பிறகு பள்ளி முற்றத்து வேம்பை மூன்று முறை வரையச் சொல்லலாம்; ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எதை விட்டாய், ஏன் விட்டாய் என்ற பேச்சில் பாடம் நடந்துவிடும்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம், காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். பின்னாளில் மண்ணும் வெளியுமாக விரியும் வெறும் வண்ணப் பரப்புக்குப் போனார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை ஜாதகக் கட்டமும் கணக்கு நோட்டும் கலந்தது போலிருக்கும். எழுத்தையே ஓவியமாகப் பார்க்க அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அவர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சென்னைப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் அது இடம்பெற வேண்டும்.

கோலம் இருக்கும்போது தனியாக அரூபம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோலம் நல்ல வாசல்தான். ஆனால், சிக்குக் கோலத்துக்கு விதி முன்பே இருக்கிறது. இங்கே பிள்ளை தன் விதியைத் தானே வகுத்தாக வேண்டும். பிக்காசோவே முதலில் தத்ரூபமாக வரையப் பழகியவர்தானே என்பது அடுத்த கேள்வி. ஓவியராகப் போகிறவருக்கு அது பொருந்தலாம். பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்குமானது. மேலும், ஷேடிங் பழக வாரக்கடைசி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் சமமாக நிற்கும் இடம் அந்த ஐந்து கறுப்புச் சதுரங்கள்.

உண்மையான தடை ஆசிரியர் பற்றாக்குறை. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்கள் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பின்னர் உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அரசின் லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகளில் மாதிரியைப் பார்த்து வரைந்து தேறியவர்களிடம், மறுபயிற்சி எதுவும் தராமல் அரூபத்தைக் கற்பிக்கச் சொல்வது நியாயமில்லை.

கல்வித் துறை அவர்களைப் பணி நிரந்தரம் செய்து, விடுமுறையில் ஒரு வாரமாவது இந்தப் பயிற்சியை அளிக்க வேண்டும். பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவின் ஓவியப் போட்டிகளில் தலைப்பு கொடுக்காத ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியர்களே, ஓவிய பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.