படத்திலும் அசரீரியா?

காலேஜுகளில் படிக்கும் நமது வாலிபர்கள் இப்போது பரீட்சைக்காகவும், பரிசுக்காகவும், சில சமயம் சொந்த ஆசைக்காகவும் டாக்குமெண்டரி என்னும் ஆவணப்படங்கள் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் படமெடுக்க வேண்டுமானால் பணக்காரன் வீட்டுப் பிள்ளையாயிருக்க வேண்டும். இன்று கூலிக்காரன் மகன் கையிலுள்ள செல்போனிலேயே காமிரா இருக்கிறது. இது நாம் மிகவும் சந்தோஷப்பட வேண்டிய காரியமேயாகும். எழுத்து ஒரு கூட்டத்தாருக்கே சொந்தமாயிருந்த காலத்தில் அவர்கள் மற்றவர்களைப் பற்றி எழுதி வைத்ததே சரித்திரமாகிவிட்டது. படமும் அப்படி ஆகாமலிருக்க இப்போது வழி பிறந்திருக்கிறது. ஆனால் கருவி கைக்கு வந்தவுடன் புத்தியும் கூடவே விடுதலை அடைந்துவிட்டதா என்பதுதான் நமது கேள்வி.

இப்படங்களுக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. உருவம் தெரியாத ஒருவர் கம்பீரமான குரலில் கதை சொல்ல வேண்டும். புத்தக அலமாரிக்கு முன் ஒரு பண்டிதரை உட்கார வைத்துப் பேட்டி வாங்க வேண்டும். ஊரை ஆகாயத்திலிருந்து காட்ட வேண்டும். சோகத்துக்கு ஒரு வாத்தியம், பெருமைக்கு ஒரு வாத்தியம். முடிவில் பாரம்பரியத்தைக் காப்போம் என்று ஒரு மங்களம். மாணவன் இவற்றைக் கையாண்டால் இலக்கணம் தெரிந்தவன் என்று மார்க்கு. மீறினால் புதுமை செய்தவன் என்று மார்க்கு. ஏன் கையாண்டாய், ஏன் மீறினாய் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

சம்பிரதாயம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சந்தேகம் வருவது வாசகர்கள் அறிந்ததே. பழையது என்பதற்காக எதையும் தள்ளவோ, புதியது என்பதற்காக எதையும் கொள்ளவோ நாம் சொல்லவில்லை. இதனால் யாருக்குப் பிரயோஜனம், யார் ஏமாறுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றுதான் சொல்லுகிறோம். தாலிக்கும் திதிக்கும் கேட்ட அதே கேள்வியைப் படத்திற்கும் கேட்க வேண்டியதுதானே?

உதாரணமாக, புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் இடையிலுள்ள நார்த்தாமலைக்கு நமது மாணவர்கள் காமிராவோடு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அந்த அசரீரி என்ன சொல்லும்? நாரதர் வந்ததால் நாரதர்மலையென்றும், அநுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டுகளே இக்குன்றுகளென்றும், மேலமலையிலிருக்கும் விஜயாலய சோழீசுவரத்தை விஜயாலய சோழனே கட்டினானென்றும் சொல்லும். பார்ப்பவன் நம்புவான். ஏனென்றால் குரல் கம்பீரமாயிருக்கிறது! மந்திரத்தின் பொருள் தெரியாமலே புரோகிதர் குரலுக்குத் தலையாட்டிப் பழகியவர்கள்தானே நாம்?

ஆனால் அங்குள்ள கல் வேறு சொல்லுகிறது. அக்கோயிலின் கல்வெட்டு, அதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையன் என்றும், மழையால் அது இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்றும் தெரிவிக்கிறது. மழையிலிருந்து தன் வீட்டையே காத்துக்கொள்ள முடியாத சாமிக்கு மனிதன்தான் வீட்டைச் செப்பனிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் சொல்லவில்லை. கோயில் கல்லே சொல்லுகிறது! ஊர்ப்பேர் கூட, வணிகர் கூட்டம் வாழ்ந்ததால் நகரத்தார்மலை என்று வழங்கிப் பின் திரிந்ததென்பதே ஆராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயம். அங்கேயே சமணர் குடகு என்றொரு குகை உண்டு. சமணருடையதாயிருந்து பிறகு விஷ்ணு கோயிலாக்கப்பட்டது. முன் மண்டபத்தில் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள் நிற்கின்றன. சமணருக்கு மிஞ்சியது பேர் மட்டுமே. இச்சிலைகளை வரிசையாகக் காட்டிப் பின்னால் ஒரு புல்லாங்குழலையும் ஊதிவிட்டால், சமணர் எங்கே போனார் என்ற கேள்வி அந்த ஊதலிலேயே செத்துப்போகும். ஆதலால் அசரீரியை நிறுத்திவிட்டுக் கல்வெட்டைக் காட்டுங்கள், படித்துச் சொல்லுங்கள் என்கிறோம். ஆதாரத்தைக் காட்டும் சம்பிரதாயம் நல்ல சம்பிரதாயம், அதை விடவேண்டியதில்லை.

நிற்க, பண்டிதரை மட்டும் பேசவிடுவது மற்றொரு கெட்ட வழக்கம். மலையைப் பற்றிப் பேசக் கல்லுடைப்பவனுக்கு யோக்கியதை இல்லையா? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்று, ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகிய பெண்கள் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களேயாவர். கல்லுடைக்கும் பெண்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பேசவிட்டால் அலமாரியிலில்லாத சரித்திரம் வெளிவரும். இதே மாவட்டத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை உலகமே கண்டது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் படமெடுக்கிறவன் சிற்பத்தை மட்டும் காட்டிவிட்டு, எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார், யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார் என்று கேளாமல் திரும்புவானேயானால், அவன் எடுத்தது ஆவணமல்ல, ஸ்தல புராணமே!

இப்புரட்டு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1922ல் ராபர்ட் பிளாஹெர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தை இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூதாதை என்கிறார்கள். அதில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த இனுயிட் மக்களைப் பழைய ஈட்டியோடு வேட்டையாட வைத்தார்கள். கதாநாயகன் பேரைக்கூட மாற்றினார்கள். பழமையே அழகென்று காட்டும் ஆசை அங்கும் இருந்தது.

மீறியவர்களும் உண்டு. 1967ல், அப்போதிருந்த சர்க்கார் ஸ்தாபனமான பிலிம்ஸ் டிவிஷனில், எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்பவர் 'ஐ ஆம் 20' என்ற படத்தில், சுதந்திரத்தோடு பிறந்து இருபது வயதான வாலிபர்களைத் தாங்களே பேசும்படி விட்டார். தேசத்தின் மேல் தங்களுக்குள்ள ஆசையையும் கசப்பையும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். பீகாரில் 1974ல் நடந்த மாணவர் கிளர்ச்சியைப் படமெடுத்த வாலிபர் ஆனந்த் பட்வர்த்தன், 1975ல் நெருக்கடி நிலை வந்தபின் அப்படத்தைத் துண்டு துண்டாக வெளிநாட்டுக்கு அனுப்பி, கனடாவில் மேல்படிப்புப் படித்துக்கொண்டே ஒன்றுசேர்த்தார். இவர்கள் சம்பிரதாயத்தை மீறியது மார்க்குக்காகவல்ல. சொல்லவேண்டியது பழைய பாத்திரத்தில் அடங்காததால்தான்.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். காமிராவை ஆட்டிப் பிடிப்பதும், எடுப்பவர் தாமே முன்னால் வந்து நிற்பதும் இப்போது புதுச் சம்பிரதாயங்களாகிவிட்டன. பூணூலை அறுத்தவன் வேறொரு கயிற்றைக் கட்டிக்கொண்டால் என்ன லாபம்? பகுத்தறிவு பேசும் நமது வாலிபர்களும் கறுப்புச் சட்டை போட்ட அசரீரியாகிவிடக் கூடாது. நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கும் ஒரு தாயைக் காட்டி, பின்னாலிருந்து கேலி பேசுவது சுலபம். அதனால் அவளுக்கு என்ன அறிவு வரும்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் எடுக்கிறாய் அம்மா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமென்று கேளுங்கள். 1975க்குப் பிறகு இந்நாட்டில் பெரியம்மை இல்லை, அதை ஒழித்தது அம்மை குத்தும் ஊசியே என்பதை அவளுக்கும் சொல்லி, அவள் சொல்லும் பதிலையும் வெட்டாமல் போடுங்கள். பார்ப்பவன் தானே யோசிக்கட்டும்! யோசிக்க இடம் கொடாத படம் எந்தக் கட்சியினுடையதானாலும் அது பிரசங்கமல்ல, பஜனையே.

ஆகவே வாலிபத் தோழர்களே! தேதி, இடம், ஆதாரம், எதிர்த்தரப்பின் பதில், படம்பிடிக்கப்படுகிறவரின் சம்மதம் ஆகிய இவை அறிவு ஏற்படுத்திய விதிகள், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அசரீரியும், அழவைக்கும் வாத்தியமும், பண்டிதர் நாற்காலியும் அறிவை அடக்கும் விதிகள், தயங்காமல் தள்ளுங்கள். எடுத்த படத்தைக் காலேஜில் காட்டுமுன் நார்த்தாமலையிலேயே ஒரு சுவரில் போட்டுக் காட்டுங்கள். கல்லுடைப்பவள் எழுந்து, இது இப்படியல்ல தம்பி என்பாளானால், வாத்தியார் கொடுக்கும் மார்க்கைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த இடத்தைத் திருத்துங்கள்.