டயரைப் பெரிசாக்கினால் வண்டி உயருமா?

போன ஆடியில் நடந்தது. என் தங்கை மகன் 2009 மாடல் பொலேரோ ஒன்று வைத்திருக்கிறான். தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் சைலன்ஸர் கல்லில் இடிக்கிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் வந்து, “மாமா, ஒரு சைஸ் பெரிய டயர் போட்டுட்டேனுங்க. வண்டி ஜம்முனு நிக்குது பாருங்க” என்றான். பார்த்தேன். நிஜமாகவே ஜம்மென்றுதான் இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரரைக் கும்பிட அதே வண்டியில் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். சின்னவர், பெரியவர் சேர்த்து ஏழு பேர், போதாததற்குச் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர் கேன். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவிலேயே முன்பக்கத்தில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். நேராகப் போனால் சத்தம் இல்லை. வண்டியை ஒடித்தால் வருகிறது. ஓரமாக நிறுத்தி, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். டயரின் உள் ஓரம் சீவியது போல் இருந்தது. சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மலை ஏறும்போதே இப்படி என்றால், இறங்கும்போது? மெதுவாகத் திருப்பிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தோம். பேரப்பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். சாமி கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

டயர் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். கடை வாசலில் வெறும் வண்டியாக இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டியிருக்கிறார். அப்போது எங்கும் உரசவில்லை. “லேசா உரசினாலும் ஓட ஓட சரியாப் போயிடும்” என்றும் சொல்லியிருக்கிறார். ஏழு பேர் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், டயருக்கும் மறைப்புக்கும் உள்ள இடைவெளி குறையும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. லிஃப்ட் கிட் போடாத வண்டியில் கம்பெனி விட்ட இடைவெளி மட்டும்தான் நமக்கு மிச்சம்.

இனி கணக்குக்கு வருகிறேன். பொலேரோவுக்கு வரும் டயர் 215/75 ஆர்15. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 161 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம். எல்லாம் சேர்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. இவன் போட்டது 235/75 ஆர்15. அதன் உயரம் சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 30. ஆனால் அச்சு இருப்பது நடுவில் அல்லவா? எனவே வண்டி உயர்வது அதில் பாதிதான், 15 மி.மீ. ஒரு விரல் அகலம்! அந்த ஒரு விரலுக்காக ஐந்து டயர் வாங்கியிருக்கிறான்.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. டயர் சுற்றளவு 4 சதவீதம் கூடுவதால், ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்பு 80-ல் போனதைவிடக் கூடுதலாக, 83-க்கு மேல் போகும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாக ஓடும். மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். கனம் கூடிய சக்கரத்தைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் அதே பழைய இன்ஜினும் அதே பழைய பிரேக்கும்தான். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனத்தையும் அந்தப் பழைய கீல்தான் தாங்க வேண்டும்.

அப்படியானால் சைலன்ஸர் ஏன் இடித்தது? என் கருத்தைக் கேட்டால், டயர் சின்னது என்பதால் அல்ல. பதினைந்து வருஷம் மூட்டை ஏற்றியதில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. புஷ்களும் தேய்ந்துவிட்டன. வண்டி உட்கார்ந்துவிட்டது. கழற்றி, பட்டறையில் மறுபடி வளைவு கொடுத்து, ஒரு பட்டையை மாற்றி, புஷ் போட்டு மாட்டினோம். டேப் வைத்து அளந்தால் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் எழுந்திருந்தது. அதாவது 38 மி.மீ. டயர் தந்ததைப்போல் இரண்டரை மடங்கு. செலவு இரண்டு டயர் விலைகூட ஆகவில்லை. புது டயர்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய அளவிலேயே முரட்டுப் பட்டன் உள்ள டயர் போட்டுக்கொண்டான். மண் பாதைக்கு அது போதும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் தரையில் இடிக்கிறது என்றால் ஸ்பிரிங் வேலை உதவாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அப்படிக் கட்டாயம் உள்ளவர்கள் போடட்டும். ஆனால் வண்டி நிறைய ஆள் ஏற்றி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். லிஃப்ட் போட நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பழைய வண்டிக்குப் புதிதாக எதையாவது சேர்ப்பதற்கு முன், அது எதை இழந்திருக்கிறது என்று பாருங்கள். நமக்கும் முழங்கால் வலி வந்தால் உயரமான செருப்பு வாங்குவதில்லையே!

வருகிற ஆடிக்கு மறுபடி மலைக்குக் கிளம்புகிறோம். அதே வண்டியில்தான்.