படம் தடுமாறினால் பொறியைப் பழிக்கலாமா?

பட்டாணிச் செடி வளர்வதை நாள்தோறும் படம்பிடித்து ஓடவிட்டவர் தாதாசாகேப் பால்கே; 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை அளித்தவரும் அவரே. அவரிடம் கணிப்பொறி இல்லை, பொறுமை இருந்தது!

மாடர்ன் தியேட்டர்ஸ் புகழ் பரப்பிய சேலத்துக்கு அருகே, எங்கள் அயோத்தியாப்பட்டணத்தில், களிமண் பொம்மைகளை அசைத்துப் படமெடுக்கும் நண்பர்கள் சிலர், கணிப்பொறியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதென்று முயற்சியையே கைவிடுகின்றனர். புதுப்பொறி வாங்க வசதியில்லையாம். இவ்வாதத்தை நான் ஏற்கேன்.

6000-க்கு 4000 அளவுள்ள படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 அளவுத் திரைக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 21 லட்சமே. பன்னிரு மடங்குச் சுமையை நொடிக்கு 24 முறை ஏற்றினால் பழம்பொறி தடுமாறாதா? சிறு நகல்களை வைத்துத் தொகுங்கள். மூலப்படங்களை இறுதியில் சேருங்கள். நொடிக்கு 12 படமெடுத்து, ஒவ்வொன்றையும் இருமுறை காட்டினால் உழைப்பும் பாதியாகும்.

நண்பர்களே, நம்மைத் தடுப்பது வறுமையன்று, வழியறியாமையே!