போகப்போக மாறிடும்

போன ஆடித்தபசுக்குக் கொடியேறிய மூன்றாம் நாள், கோவிலில் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தோம். சங்கரன்கோவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள், அவள் கால்வலியில் நாமும் பங்கெடுத்துக்கொள்ள 108 சுற்று நடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சுற்றுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். நாற்பதாவது சுற்றில் மைனி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீ சொன்னா கேப்பா கோமதி. ஒரு வார்த்தை சொல்லு. வந்த எடம் நல்ல எடம், தட்டிப் போயிரக் கூடாது." எனக்கும் அம்மன் பெயர்தான். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம்.

அண்ணன் மகளுக்கு 21 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள், திருநெல்வேலியில் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்கிறாள். சேர்க்கைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நானும் சொல்லத்தான் போனேன். அவள் என்னைப் பேச விடாமல் ஒன்று கேட்டாள்: "அத்தை, என் வயசுல நீங்க என்ன ஆசப்பட்டீங்க?"

"அது அப்போ. போகப்போக எல்லாம் மாறிடும்ளா" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது என் வாக்கியமே இல்லை. என் ஆச்சி என் அம்மாவிடம் சொன்னது, அம்மா என்னிடம் சொன்னது. அறிவுரை என்ற பெயரில் எங்கள் வீட்டுப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரே சொத்து அதுதான். உருப்படியான சொத்துக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இளம் வயதில் ஆசை, முப்பதில் குடும்பம், நாற்பதில் பிள்ளைகள், ஐம்பதில் உடம்பு, அறுபதில் நிம்மதி. மனித வாழ்க்கை இப்படித்தான் படிப்படியாகப் பக்குவப்படுகிறது என்று பட்டிமன்றத்திலும் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் 'பக்குவம்' என்ற சொல்லின் மேலேயே சந்தேகம். நான் 20 வயதில் ஆசைப்பட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வங்கித் தேர்வு எழுத வேண்டும். தறிச் சத்தம் கேட்காத ஓர் அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி, காலையில் ஓட ஆரம்பித்தால் ராத்திரிதான் நிற்கும். நானும் அம்மாவும் தார் சுற்றுவோம். தார் சுற்றிக்கொண்டே பொது அறிவுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பேன். இருபத்திரண்டில் கல்யாணம். இருபத்தைந்தில் என்னிடம் யாராவது "இப்போ உனக்கு எது முக்கியம்?" என்று கேட்டிருந்தால், "பிள்ளைக்குக் காய்ச்சல் விடணும்" என்று சொல்லியிருப்பேன். அதைக் கேட்டவர் "பாரு, பக்குவப்பட்டுட்டா" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். வங்கித் தேர்வு மேல் எனக்கு ஆசை விட்டுப்போகவில்லை. விண்ணப்பப் படிவம் வாங்கக் காசும் தேர்வு எழுதப் போக ஒரு நாளும்தான் விட்டுப்போயின.

லாரா கார்ஸ்டென்சன் என்று அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியல் அறிஞர் இருக்கிறார். வயது ஏற ஏற மனிதர்களுக்கு எது முக்கியமாகிறது என்று 1990களிலிருந்து ஆராய்ந்து வருபவர். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது, யாருடன் செலவிடுவீர்கள்? நெருங்கிய சொந்தக்காரர், அண்மையில் அறிமுகமான ஒருவர், நீங்கள் சமீபத்தில் படித்த புத்தகத்தின் ஆசிரியர், இந்த மூவரில் ஒருவர். வயதானவர்கள் பெரும்பாலும் சொந்தத்தைத் தேர்ந்தார்கள். இளைஞர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. இதுவரை நம் பட்டிமன்றக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்ததுதான் விஷயம். "சீக்கிரத்தில் நீங்கள் ஊரைவிட்டுத் தொலைதூரம் போகப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றதும் இளைஞர்களும் கிழவர்களைப் போலச் சொந்தத்தின் பக்கம் சாய்ந்தார்கள். "மருத்துவம் முன்னேறிவிட்டது, உங்களுக்கு இன்னும் 20 வருஷம் கூடுதலாகக் கிடைக்கும்" என்றதும் முதியவர்களிடம் அந்தச் சாய்வு போய்விட்டது. அதாவது முன்னுரிமையை மாற்றுவது வயது இல்லை. முன்னால் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்ற எண்ணம்தான் மாற்றுகிறது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்பிலிருந்தே "இன்னும் மூணு வருசம்", "இன்னும் ரெண்டு வருசம்", "தை பொறந்தா பாத்துருவோம்" என்று நாள் எண்ணப்படும் ஒருத்திக்கு முன்னால் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது? 20 வயதிலேயே அவள் ஊரைவிட்டுப் போகப்போகிறவள். அவள் திடீரென்று அம்மா மடியில் படுத்துக்கொள்வதும், "படிப்பு கிடக்கட்டும், எல்லாரும் நல்லாருந்தா போதும்" என்பதும் முதிர்ச்சி இல்லை. அவளுக்கான நேரத்தை நாம் கத்தரித்துவிட்டோம், அவ்வளவுதான். அவளை அவசரமாகக் கிழவியாக்கிவிட்டு, பிறகு "பொறுப்பு வந்துட்டு" என்று மெச்சுகிறோம்.

அண்ணனுக்கும் 20 வயது இருந்தது. அப்போது அவனுக்கு சினிமாவும் பைக்கும்தான் உயிர். இப்போது 50ஐ நெருங்குகிறது. "குடும்பம்தான் முக்கியம், மத்ததெல்லாம் சும்மா" என்கிறான். எல்லாரும் ஆமோதிக்கிறார்கள். அந்தக் குடும்பத்தைத் தினமும் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, சோறு போட்டு, ராத்திரி கதவடைத்தது யார்? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவழித்தது 299 நிமிஷம், ஆண்கள் 97. ஐந்து வருஷம் கழித்து 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்திருந்தது. மிக்சியும் கேஸும் குழாய்த் தண்ணீரும் வந்து பத்து நிமிஷம் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆண்களுக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது, ஒன்பது நிமிஷம். அவர்களுக்கு என்ன வேலைப்பளு குறைந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆண் பக்குவப்படுகிறான் என்றால் அதற்கான நேரத்தை வீட்டில் ஒருத்தி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள்.

இனி அந்தச் சொத்து விஷயம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வர அறுபது வருஷம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் அது நடைமுறை. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான மகள்களுக்கு அந்த உரிமை கிடையாது. என் அம்மாவுக்கு 1978இல் கல்யாணம். கழுத்தில் தாலி ஏறிய தேதியை வைத்து அவள் மகளா இல்லையா என்று சட்டம் முடிவுசெய்தது. சித்திக்கு 1990இல் கல்யாணம், ஆகவே அவளுக்குப் பங்கு உண்டு. 1992இல் தாத்தா உயிரோடு இருக்கும்போதே தறிவீட்டையும் காட்டையும் மாமன்மாருக்குப் பாகம் பிரித்தார். சித்தியைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சித்திக்கு அப்போது 25. யாரும் மிரட்டவில்லை. "செங்கலும் சிமெண்டும் எனக்கு எதுக்கு, பொறந்த வீட்டு வாசல் தொறந்திருந்தா போதும்" என்று தானே சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள். இன்று அவளுக்கு 60ஐ நெருங்குகிறது. சித்தப்பா போய்விட்டார். பிறந்த வீட்டு வாசலில் பொங்கலுக்குச் சீர் வாங்க நிற்பதோடு சரி. போன மாதம் பீடி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு ரூம் எம் பேர்ல இருந்திருக்கலாம், இல்லளா?" பாருங்கள், இளமை என்றால் பணம், வயது ஏறினால் பாசம் என்ற கணக்கு இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. 25இல் பாசத்தைத் தேர்ந்தெடுத்தவள் 60இல் சுவரைத் தேடுகிறாள். 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடு போனது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடாது. எங்கள் வீட்டுக் கதவு அதற்கு 12 வருஷம் முன்பே சாத்தியாகிவிட்டது.

மனிதரை விடுங்கள், அரசாங்கத்துக்குக்கூட முன்னுரிமை மாறியிருக்கிறது. 1989இல் ஏழைப் பெண்களுக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட பெண்மணி பெயரில் கல்யாணத்துக்குப் பணம்! இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால் பல பெண்கள் பள்ளியில் நீடித்தார்கள், அதை நான் குறைசொல்ல மாட்டேன். 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016இல் அது ஒரு சவரன் ஆனது. எங்கள் தெருவில் அந்த உதவிக்காகவே பட்டப்படிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு 2022இல் அதே அம்மையார் பெயரிலேயே அது புதுமைப்பெண் திட்டமானது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கில். தாலிக்கு இல்லை, படிப்புக்கு. 33 வருஷம் கழித்து அரசாங்கத்துக்குப் புத்தி மாறியதை நாம் சீர்திருத்தம் என்கிறோம். 21 வயதுப் பெண் மாறாமல் நின்றால் மட்டும் பிடிவாதம்.

மாற்றமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. என் மகன் பிறந்தபோது எனக்குள் என்னவோ இடம் மாறியது, அது பொய்யில்லை. முழங்கால் வலி வந்தபிறகு நடையின் அருமை தெரிந்தது. ஆனால் ஒருத்தி மாறினாளா, மாற்றப்பட்டாளா என்று பார்க்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. அவள் மாறாமல் இருந்திருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும்? அண்ணன் பைக்கை விடாமல் இருந்திருந்தால் பெட்ரோல் செலவு கூடியிருக்கும். நான் வங்கித் தேர்வை விடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இதை வாசிக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிவனும் பெருமாளும் ஒன்றாக நிற்பதைக் காண வேண்டும் என்றுதான் கோமதி தவம் நின்றாள். நினைத்துப் பார்த்தால் விபரீதமான ஆசை. "போகப்போக மாறிடும், வீட்டுக்கு வா" என்று அவளிடம் ஒருவரும் சொன்னதாகக் கதையில் இல்லை. தபசு அன்று காட்சி கிடைக்கும்போது பருத்தியும் வத்தலும் வீசிக் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு நாள் பார்க்கிறோம்.

அன்றைக்கு நான் 108 சுற்றையும் முடிக்கவில்லை. அறுபதாவது சுற்றில் அவளைத் தேடிப் பிடித்து, "நான் சொன்னது தப்பு" என்றேன். "நான் ஆசப்பட்டதைக் கேட்டேல்லா? பேங்க் பரிச்ச. இன்னைக்கும் பேங்க்ல சலான் நெரப்புதப்போ வயிறு என்னமோ பண்ணும்." அவள் சிரிக்கவில்லை. புதுமைப்பெண் பணத்தில் 11,000 ரூபாய் சேர்த்து வைத்திருப்பதாகவும், பட்டம் முடிந்ததும் அந்த ஆயிரம் நின்றுவிட்டதாகவும், விடுதிக் கட்டணத்துக்கு இன்னும் 9,000 குறைகிறது என்றும் கணக்காகச் சொன்னாள். கணிதம் படித்தவள் அல்லவா.

மறுநாள் காலையில் என் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அவளுடன் பஸ் ஏறினேன். மைனி இன்றுவரை என்னோடு பேசவில்லை.