தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை ஆகியவை நடந்ததை அது சொல்கிறது. ஆதுலர்சாலை என்றால் மருத்துவமனை. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள், இரவில் எரிய ஒரு விளக்கு. யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கும், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும்கூட அதில் இருக்கின்றன.

காஞ்சி மண் பெருமைப்பட வேண்டிய ஆவணம்தான். ஆனால் அந்த 15 படுக்கைகள் யாருக்கு என்று பார்த்தால், கோயில் பணியாளர்களும் பள்ளி மாணவர்களும்தான் தென்படுகிறார்கள். உழுதவரும் நெய்தவரும் காய்ச்சல் வந்தபோது எங்கே போனார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

'எல்லோருக்கும்' என்ற சொல் மருத்துவத்துக்குள் நுழைய இன்னும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின. 1939இல் பொதுச் சுகாதாரத்துக்கென்று சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டது. 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். இன்று நாம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது. 1978இல் அல்மா-ஆட்டாவில் கூடிய உலக நாடுகள் அதையே உலகத்துக்கான இலக்காக அறிவித்தன.

தமிழ்நாடு இந்தப் பாதையில் வெகுதூரம் வந்துவிட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. மருந்து வாங்குவதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தாயிற்று என்று பாஸ்புக் போட்டுக் கணக்கு வைக்கும் முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போயின. பலன் கண்கூடு. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, லட்சம் குழந்தைகள் பிறக்கையில் இறக்கும் தாய்மார்கள் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் நாம் கட்டிய வீடு உறுதியாக நிற்கிறது.

அந்த வீட்டில் பட்டு நெசவாளிக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் காஞ்சிபுரத்தில் நின்று கேட்க வேண்டிய கேள்வி.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வாசல் திண்ணையைத் தாண்டியதும் தறி. குழிக்குள் இரண்டு காலையும் இறக்கி உட்கார்ந்தால், மிதிப்பலகை காலடியில், நாடா கையில், ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேலே. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும், பல வீடுகளில் அது மனைவிதான். இழை அறுந்தால் நெய்வதை நிறுத்தி, குனிந்து, தேடி, முடிச்சுப் போட வேண்டும். முப்பது வயதில் கண் தேடாமலே பிடித்த இழையை நாற்பத்தைந்தில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முதுகு, கழுத்து, முழங்கால், கண். தறி வரிசையாக இவற்றைத் தின்கிறது. சாயப்பட்டறையில் நிற்பவருக்குக் கைத்தோலும் போகிறது.

கூலி சேலைக்கு உண்டு, நாளுக்கு இல்லை. ரயில்வே சாலையிலுள்ள அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மாத்திரைக்கு வரிசையில் நின்று வீடு திரும்பினால் ஒரு பகல் போய்விடும். மருந்து இலவசம்தான், பகல் இலவசம் இல்லை. அதனால் தலை சுற்றினால் ஒரு டீ, முதுகு வலித்தால் தைலம், கண் மங்கினால் தறிமேல் இன்னொரு விளக்கு, தாங்க முடியாமல் போனால் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு வலி மாத்திரை. அந்த வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று கடைக்காரர் சொல்லப்போவதில்லை.

இதே மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் நிலை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. 2024 ஜனவரியில் தொடங்கிய 'தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் தறி போட்டிருப்பவருக்கு வாயிற்காவலர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. அதனாலேயே எந்தப் பட்டியலிலும் அவர் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளியாக ஏறுவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் விழுந்த பிறகுதான் கைகொடுக்கும்.

படுக்கையில் விழும்வரை என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டியது. 2020இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த 'ஸ்டெப்ஸ்' என்ற தொற்றா நோய்கள் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் கட்டுக்குள் இல்லாதவர்களே இன்னும் அதிகம். மகப்பேற்றில் ஜெயித்த அதே அமைப்பு, வலிக்காமல் வளரும் நோய்களிடம் தடுமாறுகிறது. காரணம் எளிது. கர்ப்பிணியைத் தேடிக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருவார். ரத்த அழுத்தக்காரர் தானே தேடி வர வேண்டும் என்று வெகுகாலம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த எதிர்பார்ப்பைத் திருப்பிப் போட்டது. பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கும் நெசவாளிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற திட்டம். தறியை விட்டு எழுந்திருக்க வேண்டாம், கையை நீட்டினால் போதும். ஆனால் இந்த வேலையைச் சுமக்கும் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, மாதாந்திர ஊக்கத்தொகை. அவர்கள் கையிலிருக்கும் பட்டியலில் முதன்மையாக இருப்பது அழுத்தமும் சர்க்கரையும். நெசவாளியின் கண்ணுக்கும் முதுகுக்கும் யார் வருவார்கள்?

கண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வராதவர் அபூர்வம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள் என்று 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவு வெளியானது. கொழுந்து பறிக்கவே அவ்வளவு வித்தியாசம் என்றால், பட்டிழையோடு சரிகையைக் கோப்பவருக்கு எவ்வளவு இருக்கும்? கண்ணாடி வாங்கச் சில நூறு ரூபாய்தான். அதை எழுதிக் கொடுக்க, தெருவுக்குப் பக்கத்தில், வாரத்துக்கு ஒருமுறையாவது கண் பரிசோதகர் ஒருவர் உட்கார வேண்டும்.

உட்கார இடம் இருக்கிறது. 21 மாநகராட்சிகளிலும் 63 நகராட்சிகளிலுமாக 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்று அரசு அறிவித்து, அவற்றில் 500ஐ 2023 ஜூன் 6ஆம் தேதி ஒரே நாளில் திறந்தது. ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். இந்தத் திட்டத்தில் கட்டடத்தைவிட முக்கியமானது நேரம். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்து நாடா ஓய்ந்த பிறகு, மனைவியும் கணவனுமாகத் தெருக்கோடிவரை நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு முழம் நெசவுகூட நஷ்டமில்லை.

அந்த மாலை நேரம் காகிதத்தில் இருந்தால் போதாது. இந்த மையங்களில் வேலை பார்ப்பவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். அதைவிட நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போனவர் இடம் நிரம்பும்வரை நோயாளி திரும்பிப் போவார். ஏழு மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்த நெசவாளி இரண்டாம் முறை வர மாட்டார். அவருடைய ஒரு மாலையை நாம் வீணாக்கினால் நம்பிக்கை பத்து வருஷத்துக்குத் திரும்பாது. ஆகவே நிரந்தர டாக்டரும் நிச்சயமான மாலை நேரமும் முதல் தேவை. நெசவுத் தெருக்களை ஒட்டிய மையங்களில் கண் பரிசோதகரும் இயன்முறை சிகிச்சையாளரும் வாரம் ஒரு நாள் வருவது அடுத்தது. பட்டு கூட்டுறவுச் சங்கங்களில் சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில் அங்கேயே ஒரு மேஜை போட்டு அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். கணக்குப்பிள்ளை இருக்கும் இடத்தில் செவிலியரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் காஞ்சிபுரத்தால் முடியாததா? 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வரிசை நெடுக மருத்துவ முகாம்கள் இருந்தன, ஆம்புலன்ஸ்கள் காத்திருந்தன. வந்து போகிறவர்களுக்காக மருத்துவத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த ஊர், இங்கேயே பிறந்து இங்கேயே நெய்கிறவர்களுக்காகவும் கொண்டுவரலாம்.

இன்னொரு தடை நம் மனத்தில் இருக்கிறது. அரசு மருத்துவம் என்றால் ஏழைகளுக்கானது என்ற எண்ணம். அடையாறில் 1958இல் தன்னார்வ சுகாதார சேவையைத் தொடங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி இந்த எண்ணத்தை அப்போதே எதிர்த்தார். குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து, வருமானத்துக்கு ஏற்பச் சந்தா கட்டி, பணக்காரரும் ஏழையும் ஒரே டாக்டரிடம் வர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. கொரோனா தடுப்பூசிக்காக 2021இல் வங்கி அதிகாரியும் நெசவாளியும் ஒரே வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம். வசதியுள்ளவர்கள் போகும் இடத்தில் மின்விசிறி சுற்றும், குடிநீர் இருக்கும், டாக்டர் நேரத்துக்கு வருவார். அவர்கள் ஒதுங்கிக்கொண்டால் கேட்க ஆளில்லாமல் போகும்.

அண்ணா பிறந்த ஊர் இது. அவர் புற்றுநோயால் மறைந்த 1969ஆம் ஆண்டிலேயே அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அங்கே வருபவர்களில் எத்தனையோ பேரின் வாய்ப்புண்ணையும் கட்டியையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்.

காஞ்சிபுரம் மாநகராட்சியில் 51 வார்டுகள். உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் ஏதாவது ஒரு மாலை ஆறரை மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், உங்களுக்குப் பக்கத்திலுள்ள நலவாழ்வு மையத்துக்குப் போங்கள். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் இருக்கிறாரா, மாத்திரை இருக்கிறதா, பக்கத்து நாற்காலியில் நெசவாளி யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள்.